வலைக்கண்ணும் மூச்சுக்காற்றும்

இரவு பத்து மணிக்கு மேல் பொத்தேரியில் ஜிஎஸ்டி சாலையோரம் ஒதுங்கி நிற்கும் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஆள் உண்டு. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஒருவர், முன்சீட்டில் குறுக்காக ஒருவர் என்று தூங்கிக்கொண்டிருப்பார்கள். சாலைக்கு ஒரு புறம் ரயில் பாதை. சற்றுத் தள்ளி ஏரி. நடுவில் மாணவர் விடுதிகளும் வாடகை அறைகளும் அவற்றின் கழிவுநீர்க் கால்வாய்களும். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம் ஆளை விடாது. இறக்கினால் கடி.

வண்டியில் தூங்குகிறவர் என்றால் நம் ஊரில் முதலில் எண்ண வேண்டியது இந்த லாரித் தொழிலாளியைத்தான். படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களும், வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் இளைஞர்களும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஆனால் சிக்கல் மூவருக்கும் ஒன்றே. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. லாரி கேபினில் ஏழெட்டு கன மீட்டர் இருந்தாலே அதிகம். இவ்வளவு சிறிய இடத்தைக் காற்றுக்குத் திறந்தும் பூச்சிக்கு மூடியும் வைக்க வேண்டும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில் கடிப்பவை எவை என்று பார்ப்போம். தென்சென்னைப் புறநகரில் கொசு என்று மூன்று இனங்களைச் சொன்னால் பெரும்பகுதி அடங்கிவிடும். சாக்கடையில் பெருகி இரவில் கடிப்பது கியூலெக்ஸ். வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில் பெருகி, பகலில் கணுக்காலைத் தேடி வருவது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்வது அனோபிலஸ் ஸ்டீபன்சை. சென்னையின் மலேரியாவுக்கு நெடுங்காலம் இதுதான் காரணம். இதே ஸ்டீபன்சை 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் கண்டறியப்பட்டு, அந்தக் கண்டத்தின் நகரங்களுக்கு இன்று புதிய கவலையாகியிருக்கிறது. இவை மூன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன, காதில் கேட்கின்றன. சாதாரணக் கொசுவலை இவற்றைத் தடுத்துவிடும்.

வலை போட்ட பிறகும் உடம்பில் அரிப்பும் சிவந்த புள்ளிகளும் வந்தால், வேறு இரண்டு பூச்சிகளை நினைக்க வேண்டும். ஒன்று, கியூலிகாய்டிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பொடிக் கொசு. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். உடலின் அகலம் அரை மில்லிமீட்டரை ஒட்டியது. கொசுவைப் போல ஊசியைச் செலுத்தி நாளத்தைத் தேடாது. கத்தரிபோன்ற வாய் உறுப்புகளால் தோலைக் கிழித்து, ஊறும் இரத்தத்தை உறிஞ்சும். அத்தனை சிறிய உயிர் அவ்வளவு வலியைத் தருவது அதனால்தான். கடிப்பது பெண் மட்டும். முட்டை வளர இரத்தத்தின் புரதம் வேண்டும். ஈரச் சேறு, சாணம் கலந்த மண், ஏரிக்கரை, மாட்டுக்கொட்டகை ஓரம், இவைதான் இதன் தொட்டில்.

இந்தப் பூச்சியை நன்றாக அறிந்தவர்கள் ஆடு வளர்ப்பவர்கள். பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தப் பகுதியின் சொந்த இனம் மெட்ராஸ் சிவப்பு செம்மறி. கியூலிகாய்டிஸ் கடித்து ஆட்டுக்கு வருவது நீலநாக்கு நோய். காய்ச்சல், வாய்ப்புண், வீங்கி நீலம் பாரித்த நாக்கு, நொண்டல், பிறகு சாவு. இந்தியாவில் 1964-இல் இது முதலில் பதிவானது. வடகிழக்குப் பருவமழை பெய்து நிலம் ஊறிய பிறகு நோய் பரவுவது தமிழக ஆட்டுக்காரர்களுக்குப் பழகிய துயரம். 1997-98 மழைக்குப் பின் வந்த கொள்ளை நோய் மந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஐந்து வகை நச்சுயிரிகளுக்கு எதிரான உள்நாட்டுத் தடுப்பூசி 2015-இல்தான் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, மனிதரைக் கடிக்காத இன்னொரு பொடிப்பூச்சிதான் கோகோ பூவில் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோ மரங்கள் காய்ப்பது இவற்றை நம்பித்தான். எனவே இவற்றை ஒழிப்பது பற்றி நான் பேசவில்லை. தூங்கும் இடத்துக்குள் வராமல் தடுப்பது பற்றி மட்டுமே பேசுகிறேன்.

இரண்டாவது பூச்சி மணல் ஈ. உடலெங்கும் மயிர், இறக்கைகளை மேல்நோக்கிச் சாய்த்து உட்காரும், நேராகப் பறக்காமல் தத்தித் தத்திப் போகும், ரீங்காரமே கிடையாது. சுவர் விரிசல், இடிந்த திண்ணை, மாட்டுத்தொழுவம் இதன் இருப்பிடம். இதன் வரலாற்றில் பாதி, பொத்தேரி வழியாகச் செல்லும் கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் பாதையை ஒட்டியே நடந்திருக்கிறது. இந்தப் பாதையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பார்க் நிலையத்தில் இறங்கினால் அரசு பொது மருத்துவமனை. அங்கே பணியாற்றிய சார்லஸ் டோனவன் 1903-இல், மண்ணீரல் வீங்கி நாள்பட்ட காய்ச்சலில் வாடிய நோயாளிகளிடம் முட்டை வடிவ நுண்ணுயிரிகளைக் கண்டார். அதே ஆண்டு சற்று முன்பு இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் அதையே விவரித்திருந்தார். மலேரியாவும் கொசுவும் தொடர்புடையவை என்று 1897-இல் செகந்திராபாத்தில் கண்ட ரொனால்ட் ராஸ், இருவர் பெயரையும் சேர்த்து அந்த நுண்ணுயிரிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டார். காலா அசார் நோயின் காரணம் அது. ஆனால் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு அதை எடுத்துச் செல்வது எது?

அதே பாதையில் கிண்டி. அங்குள்ள கிங் நிலையத்தில் டபிள்யூ. எஸ். பேட்டன் 1907 வாக்கில் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். மூட்டைப்பூச்சி எல்லார் வீட்டிலும் இருந்தது, இரவில் கடித்தது, கண்ணுக்குத் தெரிந்தது. பல ஆண்டு உழைப்பு அந்தத் திசையில் போனது. பிறகு 1920-களில், நோய் இருக்கும் இடங்களின் வரைபடத்தையும் ஒரு குறிப்பிட்ட மணல் ஈ இனம் வாழும் இடங்களின் வரைபடத்தையும் ஒப்பிட்ட ஜே. ஏ. சின்டன், இரண்டும் பொருந்துவதைக் காட்டினார். ஆனால் மணல் ஈயைக் கடிக்க வைத்து நோயை ஏற்படுத்திக் காட்ட முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஈக்கள் இரண்டாம் முறை இரத்தம் குடித்தால் செத்துப்போயின. அந்த முட்டுக்கட்டையை விலக்கியது உலர்திராட்சை. இயற்கையில் மணல் ஈ தாவரச் சாற்றையும் உண்கிறது என்பதை உணர்ந்த ஸ்மித் குழுவினர் 1940-ஐ ஒட்டி, இரத்தத்துக்குப் பின் உலர்திராட்சையைக் கொடுத்தார்கள். ஈக்கள் பிழைத்தன, நுண்ணுயிரிகள் பெருகி அவற்றின் தொண்டையையே அடைத்தன. 1942-இல் சி. எஸ். சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தாமாக முன்வந்த மனிதர்களிடம் செய்த சோதனையில் கேள்வி தீர்ந்தது. டோனவனின் நுண்ணோக்கியிலிருந்து இந்த விடைக்கு 39 ஆண்டுகள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, ஓசையில்லாத ஒரு பூச்சியை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண அவ்வளவு காலம் ஆனது. காலா அசார் இன்று சென்னையின் நோயல்ல. மணல் ஈ மட்டும் இன்னும் இருக்கிறது.

பூச்சியைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது, வியப்பாக, வண்டிபோன்ற ஒரு மரக்குடில்தான். 1900-ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை, ரோம் நகருக்கு அருகே ஓஸ்தியாவின் சதுப்பு நிலத்தில், லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சாம்பனும் லோவும், டெர்சி என்ற ஓவியரும், சன்னல்களிலும் கதவுகளிலும் கம்பிவலை அடித்த ஒரு மரக்குடிலில் தங்கினார்கள். சுற்றிலும் இருந்த மக்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்த பருவம் அது. கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்க, இரவில் சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். கொய்னா மருந்தைத் தொடவில்லை. பொழுது சாய்வதற்கு முன் உள்ளே போய், விடிந்த பிறகே வெளியே வந்தார்கள். யாருக்கும் மலேரியா வரவில்லை. அதே ஆண்டு கபாச்சியோ சமவெளியில் இத்தாலிய அறிஞர் கிராஸி, அந்தி முதல் விடியல் வரை வலைக்குள் காக்கப்பட்ட 112 பேரைக் கவனித்தார். அவர்களில் ஐந்து பேருக்கே காய்ச்சல் கண்டது. பாதுகாப்பில்லாத 415 பேருக்கும் வந்தது.

சதுப்பு நிலம் ஓஸ்தியாவில் இருந்தால் என்ன, ஏரி பொத்தேரியில் இருந்தால் என்ன, வலையின் கணக்கு ஒன்றுதான். இனி அந்தக் கணக்கு.

கட்டிலுக்கு மேல் கட்டும் கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பது பரவலான அளவு. அதாவது ஓர் அங்குல நீளத்தில் பன்னிரண்டரை கண். ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு 2 மில்லிமீட்டர். நூலின் தடிமன் போக ஒன்றரைக்கு மேல் மிஞ்சுகிறது. கொசு நீண்ட கால்களையும் இறக்கைகளையும் விரித்தபடி வருவதால் அதில் தடைபடுகிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள பொடிக் கொசுவுக்கு அது திறந்த கதவு. சன்னலுக்கு அடிக்கும் வலை கொஞ்சம் நெருக்கமானது, அங்குலத்துக்குப் பதினாறு கண். கால் மில்லிமீட்டர் நூல் என்று வைத்துக்கொண்டால் கண்ணின் அகலம் 1.3 மில்லிமீட்டர். அதுவும் போதாது. அங்குலத்துக்கு முப்பது கண் வரை போனால் கண் 0.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். அங்கேதான் பொடிக் கொசு பெரும்பாலும் தடுக்கப்படுகிறது.

ஆனால் விலை உண்டு. பதினாறு கண் வலையில் பரப்பின் 71 விழுக்காடு திறப்பு. முப்பது கண்ணில் அதே நூலுக்கு 50 விழுக்காடு மட்டுமே. இழப்பு அதோடு நிற்காது. ஒவ்வொரு நூலையும் உரசிச் செல்லும் காற்று ஒட்டிக்கொண்டு வேகத்தை இழக்கிறது. நூல்கள் நெருங்க நெருங்க அந்த ஒட்டல் கூடுகிறது. மெல்லிய காற்று வீசும் இரவில், நெருக்கமான வலை ஏறத்தாழச் சுவர்தான். ஜிஎஸ்டி சாலையின் புழுதி ஒரு வாரம் படிந்தால் நிலைமை இன்னும் மோசம். குளிர்நாட்டில் கூடாரம் அடிப்பவருக்கு இது பெரிய இழப்பல்ல. மே மாதப் பொத்தேரியில் வலையைக் கழற்றி எறியத் தோன்றும். பலர் எறிந்தும் விடுகிறார்கள். எனவே நம் ஊருக்கு வலையைப் பரிந்துரைக்கும் எவரும் கூடவே காற்றுக்கும் வழி சொல்லியாக வேண்டும். சொல்லாத பரிந்துரை பாதிப் பரிந்துரை.

இங்கேதான் மூச்சு வருகிறது. நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு ஏறத்தாழ 4 விழுக்காடு. வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடு. நூறு மடங்கு. கடிக்கும் பூச்சிகள் இந்த வாயுவின் இழையைப் பல மீட்டர் தூரத்திலிருந்தே உணர்ந்து, காற்றை எதிர்த்து அதன் ஊற்றை நோக்கிப் பறக்கின்றன. அருகே வந்ததும் தோலின் மணமும் வெப்பமும் வழிகாட்டும். இப்போது மூடிய ஒரு கேபினை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேரின் மூச்சு உள்ளே சேர்கிறது. அது எங்கே வெளியேறும்? கதவு ரப்பர் வெடித்த இடத்தில்; வலையின் ஓரம் விலகிய மூலையில்; கிளட்ச் மிதிக்கு அருகே ஒயர் போகும் ஓட்டையில். பூச்சி வாயுவின் தடத்தைப் பிடித்து வந்து சேருவதும் சரியாக அந்த ஓட்டைக்குத்தான். உங்கள் மூச்சு வெளியேறும் இடைவெளியே அவற்றின் நுழைவாயில். முப்பது கண் வலையை வாங்கி அதன் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டால், பூச்சியின் மூக்குக்கு அந்த விரல் இடைவெளி மட்டுமே சன்னலாகத் தெரியும்.

ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்து 2009-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, வீடுகளின் கதவு, சன்னல், கூரையிடுக்கு எல்லாவற்றுக்கும் வலை அடித்தபோது மலேரியாக் கொசுக்களின் வரத்து 59 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. கூரைக்குக் கீழ் மட்டும் வலை விரித்தபோது 47 விழுக்காடு. பிள்ளைகளின் இரத்தசோகையும் குறைந்தது. அதன் பின் அங்கே நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: எதிரெதிர்ச் சன்னல்கள் வழியே காற்று நன்றாக ஓடும் வலையடித்த வீட்டுக்குக் கொசு குறைவாகவே வருகிறது. மூச்சுவாயு தேங்கவில்லை, எனவே அழைப்பு வலுவிழக்கிறது. காற்றோட்டமும் பாதுகாப்பும் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சரியாகச் செய்தால் அவை கூட்டாளிகள்.

விசிறி இந்தக் கூட்டணியின் மையம். பொடிக் கொசு வலுவாகப் பறக்கும் பிராணி அல்ல. காற்று வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் அதன் நடமாட்டம் வெகுவாக ஒடுங்குகிறது. கொசு அதைவிடச் சமாளிக்கும். இருந்தும் மிச்சிகனில் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில் விசிறிக் காற்று கொசுக்களை நன்றாகக் குறைத்தது. அதற்கு முக்கியக் காரணம் பறக்க முடியாமை அல்ல, மனித மணம் காற்றில் கலைந்து நீர்த்துப்போவதே என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

வண்டியில் விசிறியை எந்தத் திசையில் வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேரவன்களிலும் மாற்றியமைத்த வேன்களிலும் கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து உள்காற்றை வெளியே இழுப்பது வழக்கம். சமைக்கும்போது அது சரி. இரவில் அது வண்டியின் ஒவ்வொரு ஓட்டையையும் உறிஞ்சுகுழலாக மாற்றி, வெளியே காத்திருக்கும் பூச்சியை உள்ளே இழுக்கிறது. மாறாக, அகலமான ஒரு வலைச் சட்டத்தின் வழியே காற்றை உள்ளே தள்ளும்படி விசிறியைத் திருப்பினால் உள்ளழுத்தம் சற்றே கூடும். ஓட்டைகளை ஓரளவு அடைத்திருந்தால், வெறும் 5 பாஸ்கல் அழுத்த வேறுபாடே மிச்சமுள்ள இடுக்குகளில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் வேகத்தில் காற்றை வெளியே பீய்ச்சப் போதும். பொடிக் கொசுவால் அதை எதிர்த்து நுழைவது அரிது. வலை நெருக்கமாக இருப்பதால் குறையும் காற்றை, வலையின் பரப்பைப் பெரிதாக்கி ஈடுகட்டலாம்: சன்னல் முழுவதற்கும் சட்டம் வைத்து, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங்கோ விலகாத வெல்க்ரோவோ ஒட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகுழாய், கியர் லீவரின் அடி, பின்கதவின் கீழ்விளிம்பு ஆகியவற்றை விளக்கை வெளியே வைத்து உள்ளே இருட்டில் அமர்ந்து பார்த்தால் ஒளிக்கீற்று காட்டிக்கொடுக்கும். அந்தியில், உள்ளே வெள்ளை விளக்கு எரியும்போது கதவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பது இத்தனை உழைப்பையும் பத்து நிமிடத்தில் வீணாக்கிவிடும்.

மருந்து தோய்த்த வலைகளின் சிறப்பு வேறு. கண் பெரிதாக இருந்தாலும், நூலைத் தொடும் பூச்சி மருந்தால் சாகிறது. மலேரியாவில் இவை இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் இந்தியாவிலும் நேபாளத்திலும் காலா அசாருக்கு எதிராக நடத்திய பெரும் சோதனையின் முடிவு 2010-இல் வந்தபோது, வலை கொடுத்த ஊர்களில் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வலைக்கு வெளியே இருக்கும் நேரத்தை வலை காக்காது. சாம்பனும் லோவும் பொழுது சாய்வதற்கு முன்பே உள்ளே போனது அதனால்தான்.

கொசுவத்தி பற்றி உறுதியாக ஒன்று சொல்கிறேன்: கேபினுக்குள் வேண்டாம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஏழெட்டு கன மீட்டரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாளெல்லாம் டீசல் புகையைச் சுவாசித்த நுரையீரலுக்கு இரவு முழுவதும் அதைக் கொடுப்பது கொடுமை. லாரித் தொழிலாளர்கள் அதைச் செய்வது அறியாமையால் மட்டுமல்ல. அவர்கள் கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை.

2025-இலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு ஆணையிட்டிருக்கிறது. நல்ல ஆணை. பகல் ஓட்டத்துக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சாதாரணமாக அந்தக் குளிர்சாதனம் இன்ஜின் ஓடும்போதுதான் இயங்கும்; இரவு முழுவதும் இன்ஜினை ஓடவிட எந்த உரிமையாளரும் டீசல் தரமாட்டார். பழைய லாரிகளோ இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தூங்கும் நேரத்துக்குத் தேவை வலைச்சட்டமும் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு விசிறியும்.

இதற்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. இந்தியாவின் கொசுவலையில் பெரும்பங்கு கரூரில் தயாராகிறது. அதே கரூரில்தான் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள். லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பக்கத்து ஊர். வலை நெய்கிறவரும் கூண்டு கட்டுகிறவரும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கிறார்கள். கேபின் கதவின் அளவுக்கு முப்பது கண் வலையில் கழற்றி மாட்டும் சட்டம் ஒன்றை, ரப்பர் விளிம்போடு, பாடி கட்டும்போதே சேர்த்துக் கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்கிறேன். வண்டி வாங்குகிறவர்களே, நீங்களும் கேளுங்கள்.